படிக்கிற பிள்ளைக்கு என்ன ஓட்டிசம்?

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை, தனக்கு ஓட்டிசம் என்று எழுதிய அறிக்கையை வீட்டில் காட்டினால் வரும் முதல் பதில் அநேகமாக இதுதான்: "நீ நல்லாப் படிச்சு யூனி வரைக்கும் வந்திட்டாய். படிக்கிற பிள்ளைக்கு என்ன ஓட்டிசம்?"

இந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஓட்டிசம் இருபது வயதில் வந்து ஒட்டிக்கொள்வதில்லை. கண்டுபிடிப்பதுதான் பிந்துகிறது. 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற மனநல மருத்துவக் கையேடே இதைச் சொல்கிறது: அறிகுறிகள் சிறு வயதிலேயே இருக்கும். ஆனால் சூழலின் எதிர்பார்ப்பு ஒருவரின் சக்தியைத் தாண்டும்வரை அவை முழுதாக வெளியே தெரியாமல் போகலாம். பழகிக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம்.

எங்கள் வீடுகளை யோசித்துப் பாருங்கள். எழும்பும் நேரம், சாப்பாடு, ரியூசன், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி எல்லாமே அம்மா போட்ட அட்டவணை. பேசாமல் இருந்தால் "நல்ல அமைதியான பிள்ளை". ஒரே விடயத்தை மணிக்கணக்காகப் பேசினால் "கெட்டிக்காரன்". பிறந்தநாள் விழாச் சத்தம் தாங்காமல் மேல் அறையில் போய் இருந்தால் "அவளுக்குக் கூச்சம்". யூனிக்குப் போனதும் அந்தச் சாரம் முழுவதும் ஒரே வாரத்தில் கழற்றப்படுகிறது. பிள்ளை தடுமாறினால் அதற்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறோம்: சோம்பேறி.

"இனி எதுக்கு அந்தப் பேர்? வேலை கிடைக்காது, கலியாணம் நடக்காது" என்பார்கள். பெயர் வராவிட்டாலும் கஷ்டம் இருக்கத்தான் செய்யும். பெயர் வந்தால் உதவி கேட்கலாம். பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி பல்கலைக்கழகம் நியாயமான மாற்றங்கள் செய்துதரவேண்டும். பரீட்சையில் மேலதிக நேரமும் தனி அறையும் அப்படிப்பட்டவைதான். இங்கிலாந்து மாணவர்களுக்கான மாற்றுத்திறனாளி மாணவர் கொடுப்பனவு கடன் அல்ல, திருப்பிக் கட்டத் தேவையில்லை. அதற்குப் பெற்றோரின் வருமானத்தையும் பார்ப்பதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பொதுவாக இதைச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. கலியாணச் சந்தையில் இதற்கு ஒரு விலை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் வாழ்நாள் முழுவதும் நடித்துக்கொண்டே ஒருவரோடு குடும்பம் நடத்துவதற்கான விலை அதைவிடக் கூட.

யாருக்குச் சொல்வது, எப்போது சொல்வது என்பது உங்கள் முடிவு. பதினெட்டு தாண்டியபின் உங்கள் அனுமதி இல்லாமல் டொக்டர் இதை வீட்டுக்குச் சொல்லமுடியாது. சொல்வது என்று முடிவெடுத்தால், பெயரில் தொடங்காதீர்கள். தமிழில் இதை "மதியிறுக்கம்" என்றும் எழுதுகிறார்கள். அம்மாவின் காதில் அது மதியில் ஏதோ குறை என்றுதான் விழும். அவருக்குத் தெரிந்ததில் தொடங்குங்கள்: சட்டையின் லேபிளை வெட்டினால்தான் போடுவேன் என்று அடம்பிடித்தது, ஒரே சாப்பாட்டையே மாதக்கணக்காகக் கேட்டது. அதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது என்று சொல்லுங்கள். "நான் வளர்த்ததில பிழையோ?" என்று அவர் கேட்பார். இல்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள். வளர்ப்பால் ஓட்டிசம் வருவதில்லை.

அது குடும்பங்களில் தொடர்ந்து வருவதும் உண்டு. நீங்கள் சொல்லி முடித்ததும், மூலைக் கதிரையில் பேசாமல் இருக்கும் அப்பா, "எனக்கும் சின்ன வயசில அப்பிடித்தான்" என்று மெல்லத் தொடங்கக்கூடும். அவர் காலத்தில் அதைச் சொல்ல ஒரு சொல்லே இருக்கவில்லை.