போட்ட தபால் ஓட்டு என்ன ஆச்சு? சொல்ல ஆள் இல்லை!

கியாஸ் சிலிண்டர் புக் செய்தால் செல்போனுக்கு எஸ்.எம்.எஸ். வருகிறது. ஸ்பீடு போஸ்டில் கடிதம் போட்டால் ரசீதில் உள்ள நம்பரை தட்டி அது எந்த ஊரில் கிடக்கிறது என்று பார்த்து விடலாம். ஆனால் தேர்தல் வேலைக்கு போன வாத்தியார், போலீஸ்காரர், டிரைவர் போட்ட தபால் ஓட்டு எண்ணப்பட்டதா, செல்லாது என்று ஓரமாக வைக்கப்பட்டதா? அதை அவருக்கு சொல்ல இங்கே எந்த ஏற்பாடும் கிடையாது. போட்டாச்சு, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் இதற்கு பல மாநிலங்கள் சட்டமே போட்டு விட்டன. அங்கே கோடிக்கணக்கான பேர் வீட்டில் இருந்தே தபாலில் ஓட்டு போடுகிறார்கள். அதனால் "என் ஓட்டு எங்கே?" என்ற கேள்வி பெரிதாகி விட்டது. இங்கே தபால் ஓட்டு கொஞ்சம்தானே, அதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். அப்படி கேட்பவர்கள் ராதாபுரத்தை மறந்து விட்டார்கள்.

49 ஓட்டு

2016 சட்டசபை தேர்தலில் நெல்லை மாவட்டம் ராதாபுரம் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளர் இன்பதுரை, தி.மு.க. வேட்பாளர் அப்பாவுவை வெறும் 49 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதே தொகுதியில் செல்லாது என்று தள்ளப்பட்ட தபால் ஓட்டுகள் 203. ஓட்டு போட்டவர்கள் மேல் தப்பு இல்லை. அவர்களது உறுதிமொழி படிவத்தில் சான்று கையெழுத்து போட்டது பள்ளிக்கூட தலைமை ஆசிரியர். அவர் கெஜட்டட் அதிகாரி இல்லை, அந்த கையெழுத்து செல்லாது என்று அதிகாரிகள் சொல்லி விட்டார்கள்.

அப்பாவு ஐகோர்ட்டுக்கு போனார். தலைமை ஆசிரியர் போட்ட கையெழுத்து செல்லும், அந்த 203 தபால் ஓட்டுகளையும் கடைசி 3 சுற்று எந்திர ஓட்டுகளையும் மறுபடி எண்ணுங்கள் என்று ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. அந்த உத்தரவு வந்தது 2019 அக்டோபரில். அதாவது தேர்தல் முடிந்து 3 வருஷத்துக்கு மேல் ஆகி விட்டது. ஐகோர்ட்டு வளாகத்திலேயே ஓட்டுகளை எண்ணினார்கள். ஆனால் இன்பதுரை சுப்ரீம் கோர்ட்டுக்கு போனதால் முடிவை வெளியிட தடை வந்தது. அந்த சட்டசபையின் ஆயுள் 2021-ல் முடியும் வரை முடிவு வெளியே வரவில்லை.

இதில் அப்பாவு பக்கம், இன்பதுரை பக்கம் என்று பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த 203 பேர் பக்கம் பேசத்தான் ஆள் இல்லை. ராத்திரி பகலாக வாக்குச்சாவடியில் கண் விழித்து ஊரார் ஓட்டை எல்லாம் பத்திரமாக பெட்டியில் சேர்த்தவர்கள் இவர்கள். இவர்கள் ஓட்டு மட்டும் குப்பைக்கு போனது. "சார், உங்க ஓட்டை செல்லாதுன்னு வெச்சுட்டோம்" என்று இவர்களில் யாருக்காவது ஒரு கடிதாசி வந்திருக்குமா? அப்படி ஒரு வழக்கமே இங்கே இல்லை.

2021-ல் தென்காசியிலும் இதே மாதிரி பிரச்சினை. காங்கிரஸ் வேட்பாளர் பழனி நாடார் 370 ஓட்டில் ஜெயித்தார். தபால் ஓட்டு எண்ணிக்கையில் குளறுபடி என்று அ.தி.மு.க. வேட்பாளர் கோர்ட்டுக்கு போக, 2023 ஜூலையில் மறுபடி எண்ணினார்கள். பழனி நாடார் ஜெயித்தது உறுதியானது. அதே 2021-ல் சென்னை தி.நகரில் வித்தியாசம் 137 ஓட்டுதான்.

கவருக்குள் கவர்

தபால் ஓட்டு செல்லாமல் போவதற்கு பெரிய காரணம் எதுவும் வேண்டாம். ஓட்டுச்சீட்டை சின்ன கவரில் வைத்து ஒட்ட வேண்டும். 13-ஏ என்ற உறுதிமொழி படிவத்தில் ஓட்டுச்சீட்டின் வரிசை நம்பரை எழுதி, கையெழுத்து போட்டு, சான்று வாங்க வேண்டும். பிறகு படிவத்தையும் சின்ன கவரையும் பெரிய கவருக்குள் போட வேண்டும். படிவத்தை மறந்து போய் சின்ன கவருக்குள் வைத்து ஒட்டி விட்டால் போச்சு. கையெழுத்து இல்லை என்றால் போச்சு. நம்பர் ஒத்துப் போகவில்லை என்றாலும் போச்சு. எண்ணிக்கை அன்று காலை 8 மணிக்கு பிறகு கவர் வந்து சேர்ந்தால் பிரிக்கவே மாட்டார்கள்.

2023-ல் மத்திய அரசு விதியை திருத்தியது. தேர்தல் வேலைக்கு போகிறவர்கள் அதற்கென்று வைத்துள்ள சிறப்பு மையத்தில்தான் தபால் ஓட்டு போட வேண்டும், வீட்டுக்கு கொண்டு போகக் கூடாது என்று ஆனது. நல்ல மாற்றம்தான். சான்று கையெழுத்துக்கு அலைய வேண்டாம், ஓட்டை காசுக்கு பேரம் பேசுவதும் குறையும். ஆனாலும் ஒரு ஊரில் வேலை, வேறு தொகுதியில் ஓட்டு என்று இருப்பவரின் கவர் அங்கிருந்து மாவட்டம் தாண்டி போக வேண்டி இருக்கிறது. 85 வயது தாண்டிய பெரியவர்கள், 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்கள் வீட்டிலேயே ஓட்டு போடும் வசதி தனி. அவர்களிடமும் அதிகாரிகள் கவரை வாங்கிக் கொண்டு போவதோடு சரி.

அங்கே எப்படி?

அமெரிக்காவின் டென்வர் நகரம் 2009-லேயே இந்த கண்காணிப்பை ஆரம்பித்தது. கலிபோர்னியாவில் சட்டப்படி எல்லா மாவட்டங்களும் இந்த வசதியை தர வேண்டும். ஓட்டுச்சீட்டு அனுப்பியாச்சு, உங்கள் கவர் வந்து சேர்ந்தது, எண்ணியாச்சு, கையெழுத்து ஒத்துப் போகவில்லை வந்து சரி செய்யுங்கள்... இப்படி பதிவு செய்தவரின் செல்போனுக்கு தகவல் போகும்.

அதற்காக அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்து விட வேண்டாம். டெக்சாஸ் மாநிலம் 2021-ல் ஒரு பக்கம் கண்காணிப்பு வசதிக்கு சட்டம் போட்டது. இன்னொரு பக்கம் கவரில் அடையாள அட்டை நம்பரை எழுத வேண்டும் என்று இன்னொரு சட்டமும் போட்டது. நம்பரை எழுதும் இடம் பலர் கண்ணில் படவில்லை. 2022 மார்ச்சில் நடந்த உள்கட்சி தேர்தலில் 24 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தபால் ஓட்டுகள் தள்ளுபடி ஆயின. வந்த தபால் ஓட்டில் சுமார் 12 சதவீதம்! எஸ்.எம்.எஸ். மட்டும் வந்தால் போதாது, தப்பை திருத்த நாளும் வேண்டும் என்பது அப்போது தெரிந்தது.

நம்ம ஊரில் சிக்கலே இங்கேதான். இங்கே பெரிய கவரை பிரிப்பதே ஓட்டு எண்ணும் அன்றுதான். படிவத்தில் கையெழுத்து இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரியும். அதற்கு பிறகு சொல்லி என்ன பிரயோஜனம்? "உங்கள் கவர் வந்து சேர்ந்தது" என்று வேண்டுமானால் முன்கூட்டி சொல்லலாம். தப்பை திருத்த வேண்டும் என்றால் படிவத்தை மட்டும் சில நாள் முன்னாடியே கட்சி ஏஜெண்டுகளை வைத்துக் கொண்டு சரி பார்க்க வேண்டும். அதற்கு விதியை மாற்றியாக வேண்டும்.

யாருக்கு ஓட்டு போட்டோம் என்று தெரிந்து விடுமே என்று அரசு ஊழியர்கள் பயப்படுவது நியாயம். ஆனால் கண்காணிக்க வேண்டியது பெரிய கவரைத்தான். ராணுவத்தினருக்கு இன்டர்நெட் மூலம் அனுப்பும் ஓட்டுச்சீட்டில் இது பாதி நடக்கிறது. அவர்கள் திருப்பி அனுப்பும் கவரில் கியூ.ஆர். கோடு உண்டு, எண்ணும் இடத்தில் அதை ஸ்கேன் செய்கிறார்கள். இந்த முறை முதலில் வந்ததே பக்கத்தில் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத்தேர்தலில், 2016-ல்தான். அந்த ஸ்கேனோடு ஒரு எஸ்.எம்.எஸ்.சையும் சேர்த்து விடுவது மலையை புரட்டும் வேலை இல்லை.

யார் கையில்?

சட்டசபை, பார்லிமெண்டு தேர்தல் எல்லாம் மத்திய சட்டத்தின் கீழ் வருகின்றன. தேர்தல் விதிகளை மாற்றுவது மத்திய அரசு, தேர்தல் கமிஷனை கலந்து கொண்டு. கமிஷன் சும்மா இருக்கவில்லை. ஜெயித்த வித்தியாசத்தை விட செல்லாத தபால் ஓட்டு அதிகம் என்றால், அவற்றை மறுபடி பார்த்து விட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று 2019-ல் உத்தரவு போட்டது. தபால் ஓட்டை எண்ணி முடிக்காமல் எந்திர ஓட்டின் கடைசிக்கு முந்தைய சுற்றை தொடக் கூடாது என்று 2025 செப்டம்பரில் சொன்னது. இரண்டுமே வேட்பாளருக்கு பாதுகாப்பு. ஓட்டு போட்டவருக்கு அதில் ஒரு வரி கூட இல்லை.

ஆனால் உள்ளாட்சி தேர்தல் அப்படி இல்லை. அது மாநில சட்டம், நடத்துவது மாநில தேர்தல் கமிஷன். அமெரிக்க மாநிலங்கள் போட்ட மாதிரி சட்டம் போட சென்னை கோட்டையில் உள்ளவர்களுக்கு டெல்லியை கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஊராட்சி வார்டில் ஒரு ஓட்டில் ஜெயிப்பதும், சம ஓட்டு விழுந்து குலுக்கல் போடுவதும் நடக்கிற கதைதான். அந்த தேர்தலிலும் வாத்தியார்களும் போலீசாரும் கவரை ஒட்டிக் கொடுத்து விட்டு, அது போய் சேர்ந்ததா என்று தெரியாமல் வீட்டுக்கு போகிறார்கள்.