மெட்ரோலாக் யார் கையில்?

கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டங்களில் விடியுமுன்பே பெண்கள் பால்வெட்ட மலையேறிவிடுகிறார்கள். மரப்பட்டையில் இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழும்படி, ஏறத்தாழ 30 பாகைச் சரிவில் கத்தியை இழுக்கிறார்கள். பட்டைக்குள் பால்குழாய்கள் எப்பக்கம் சாய்ந்து ஓடுகின்றன என்பது அந்தக் கைக்குப் பழக்கம். வெயில் ஏற ஏறக் கலங்களின் வீக்க அமுக்கம் குறைந்து பால் ஓட்டம் தளரும் என்பதையும் அவர்கள் அனுபவத்தில் அறிவார்கள். ஆனால் வாளிப் பால் நிறுவைக்கு வந்ததும், அதில் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு இறப்பரின் அளவைப் பார்த்துக் கணக்கெழுதுபவர் பெரும்பாலும் ஆண். இரத்தினபுரித் தேயிலைத் தோட்டங்களிலும் இதே ஒழுங்குதான். கொழுந்து பறிப்பது பெண். தராசும் தொழிற்சாலை இயந்திரமும் ஆணிடம்.

இதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தான் நம் வகுப்புக்கு வருகிறார்கள். ஒரு செயன்முறைக் குழுவைக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். பன்சன் சுடரடுப்பை மூட்டுவதும் மின்சுற்றை இணைப்பதும் பையன். அவதானிப்புகளைக் குறிப்பது பெண்பிள்ளை. அவளுடைய கையெழுத்து அழகு என்று பாராட்டு வேறு. பரீட்சையில் அவள் கூடுதல் புள்ளி எடுக்கலாம், அம்பியர்மானியைத் தொட்டிருக்கமாட்டாள்.

தரம் 10இல் பாடம் தெரிவுசெய்யும்போது இந்தப் பிரிவு இறுகிவிடுகிறது. பெண்பிள்ளைக்கு மனைப்பொருளியல், பையனுக்கு மின், இலத்திரனியல் தொழினுட்பவியல் என்று யாரும் சட்டம் போடவில்லை. வீட்டிலும் பாடசாலையிலும் அப்படியே நடந்துவிடுகிறது. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு 2013இல் வந்தது. தமிழ்மொழி மூலம் விஞ்ஞானமோ தொழினுட்பமோ படிக்கச் சப்ரகமுவவில் பாடசாலைகள் குறைவு. அதற்காக வேறு மாவட்டத்துக்குப் போய் விடுதியில் தங்கவேண்டும் என்றால், மகனை அனுப்பத் துணியும் பெற்றோர் மகளை அனுப்பத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தில் பாதுகாப்பு பற்றிய நியாயமான அச்சமும் இருக்கிறது. அதை ஏளனம் செய்து பயனில்லை.

இந்த நிலையை மாற்றும் பொறுப்பில் பெரும்பங்கை மாணவரிடமே கொடுக்கவேண்டும் என்பது எமது உறுதியான கருத்து. தோட்டப் பாடசாலைக்கு வரும் விஞ்ஞான ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விடுகிறார். அவர் கொண்டுவந்த நல்ல வழக்கமும் அவரோடு போய்விடுகிறது. மாணவர் தாமே நடத்தும் வழக்கமோ மூத்த வகுப்பிலிருந்து இளைய வகுப்புக்கு இறங்கும். குழுவில் யார் கருவியைப் பிடிப்பது, யார் எழுதுவது, யார் கழுவி அடுக்குவது என்ற முறைப்பட்டியலை விஞ்ஞான மன்றத்துப் பிள்ளைகளே வாரந்தோறும் மாற்றிப் போடட்டும். கழுவும் முறை பையன்களுக்கும் வரவேண்டும். தரம் 9 பிள்ளைகள் பாடம் தெரிவுசெய்யுமுன், தொழினுட்பப் பாடம் எடுத்த அக்காமார் வந்து ஒரு சுற்றை இணைத்துக் காட்டட்டும். நாம் ஒரு மணிநேரம் அறிவுரை சொல்வதைவிட அது வலியது. மாலை வகுப்புக்குத் தங்கை ஏன் வரவில்லை என்று அண்ணன்மாரிடம் கேட்கவைப்பதும் மன்றத்தின் வேலைதான். தண்ணீர் எடுப்பதும் தம்பி தங்கையைப் பார்ப்பதும் லயத்தில் அவள் தலையில் விழுந்திருக்கும்; அந்தச் சுமையில் பாதியை எடுக்க அண்ணனால் முடியும்.

பாடப்பொருளைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. மிதத்தல் பாடத்துக்கு மெட்ரோலாக்கைவிட நல்ல கருவி எது? பாலில் இறப்பர் கூடினால் அடர்த்தி குறையும். கருவி ஆழ இறங்கும். அதை ஒரு மாணவி வாசித்து, வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு விளக்கினால், அம்மா தன் கணக்கைத் தானே சரிபார்க்கத் தொடங்குவாள்.

இலங்கையின் முதற் பெண் பொறியியலாளர் ஒரு தமிழ்ப் பெண், பிரேமளா சிவசேகரம். 1960களில் பொறியியல் பீடத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். நம் மாணவிகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? விஞ்ஞானத்தில் பெண்கள், சிறுமியருக்கான சர்வதேச தினமாகப் பெப்ரவரி 11ஐ ஐக்கிய நாடுகள் சபை 2015இல் அறிவித்தது. அன்று மேடைப் பேச்சும் பதாகையும் மட்டும் போதாது. அவரைப் பற்றி மாணவரே தேடி எழுதிச் சுவரில் ஒட்டட்டும்.

ஆசிரியர்களே, அடுத்த தவணையின் முதற் செயன்முறையிலேயே முறைப்பட்டியலை மாணவர் கையில் கொடுங்கள். என்ன நடந்தது, எங்கே சிக்கியது என்று எமக்கு எழுதுங்கள். உங்கள் கடிதங்களை இவ்விதழில் வெளியிடுவோம்.