விசாரிக்கத் தெரியுமா உங்களுக்கு?

பேச்சுக் கொடுத்து விஷயம் கறப்பதில் நம்மை மிஞ்ச ஆள் ஏது, சகோதரிகளே! இதைக் கல்லூரியில் பாடமாகவே படிக்கிறார்கள். சென்னைச் சர்வகலாசாலைப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் கேள்வித்தாளுடன் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்; 1918-ல் புத்தகமே வந்தது.

கேள்வித்தாள் மட்டும் போதுமா? போடிநாயக்கனூரில் ஏலக்காய் பொறுக்குகிறவளிடம், "என்ன வேலை?" என்று கேளுங்கள். "கூலி வேலைதான்" என்பாள். அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் நாலு காய் பொறுக்குங்களேன்! விடியுமுன் சமைத்து வைத்துவிட்டு, ஜீப்பில் போடிமெட்டு தாண்டித் தோட்டத்துக்குப் போன கதை வரும்; கூலி பாக்கி வரும்; முதுகுவலியும் வரும். இதற்கெல்லாம் கேள்வித்தாளில் கட்டம் ஏது?

கேட்டதை அவள் வார்த்தையிலேயே அன்றிரவே எழுதிவிடுங்கள். பெயரை மட்டும் மாற்றிவிடுங்கள். கங்காணிக்கும் படிக்கத் தெரியும்!