கத்தி செட் வாங்கப் போறீங்களா? மூணு போதும்!

ஆன்லைனில் ஆஃபர் வந்துவிட்டால் ஆறு கத்தி, வைக்க ஒரு மர ஸ்டாண்டு என்று ஒரு செட் வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், தக்காளி முதல் பூசணி வரை எல்லாவற்றுக்கும் கைப்பிடி உருகிப்போன அதே பழைய சின்னக் கத்திதான் ஓடிக்கொண்டிருக்கும். புதுசெல்லாம் ஸ்டாண்டில் அழகாக நிற்கும்!

இதற்குக் காரணம் பழக்கம்தான். அரிவாள்மனையில் கத்தி அசையாது, காய்தான் நகரும். அதில் பழகிய கை, கத்திக்கு மாறிய பிறகும் காயை உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலை நோக்கி இழுத்தே நறுக்குகிறது. இப்படி நறுக்கினால் நீளக் கத்தி விரலைப் பதம் பார்த்துவிடும். அதனால், முதலில் ஒரு கட்டிங் போர்டு வாங்குங்கள். மரமோ பிளாஸ்டிக்கோ போதும். கண்ணாடியிலும் கிரானைட் மேடையிலும் நறுக்கினால் எவ்வளவு விலை உயர்ந்த கத்தியும் சீக்கிரம் மழுங்கிவிடும். போர்டு வழுக்காமல் இருக்க அடியில் ஈரத்துணியை விரியுங்கள். காயைப் பிடிக்கும் கையின் விரல் நுனிகளை உள்பக்கம் மடக்கிக்கொள்ளுங்கள்.

இனி கத்திக்கு வருவோம். பட்ஜெட்டில் பெரும்பங்கை 6 முதல் 8 அங்குலம் நீளமுள்ள, அகலமான செஃப் நைஃபுக்கு ஒதுக்குங்கள். வெங்காயம், கோஸ், கீரை, எலும்பில்லாத கறி என முக்கால்வாசி வேலை இதில் முடிந்துவிடும். சின்னக் கை என்றால் 6 அங்குலமே வசதி. முடிந்தவரை கடையில் கையில் பிடித்துப் பார்த்து வாங்குங்கள். தகடு கைப்பிடியின் கடைசி வரை ஓடுகிறதா என்று கவனியுங்கள். பாதியில் நின்றுவிடும் மலிவுக் கத்தி, சேனைக்கிழங்கை அழுத்தும்போதே ஆட்டம் காணும்.

அடுத்து, இஞ்சி தோல் சீவவும் கத்தரிக்காய் காம்பு நறுக்கவும் 3 அல்லது 4 அங்குலத்தில் ஒரு சின்னக் கத்தி. மூன்றாவது, ரம்பம் போலப் பல் வைத்த கத்தி. பிரெட், கேக், கனிந்த தக்காளிக்கு இதை அடிக்க ஆளில்லை. பிரெட் அதிகம் வாங்காத வீடா? இதுவும் வேண்டாம். மீன் ஆயவும் தேங்காய் துருவவும் அரிவாள்மனை இருக்கவே இருக்கிறது. எலும்பை மட்டும் கறிக்கடையிலேயே வெட்டி வாங்கிவிடுங்கள். வீட்டுக் கத்தியில் வெட்டினால் முனை பெயர்ந்துவிடும்.

கூரான கத்திக்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் பயப்பட வேண்டியது மழுங்கிய கத்திக்கு. அழுத்தி அறுக்கும்போது சறுக்கி விரலில் இறங்குவது அதுதான். தக்காளித் தோலில் வைத்து லேசாக இழுத்தாலே கத்தி உள்ளே இறங்க வேண்டும். நசுங்கினால் சாணை பிடிக்கும் நேரம் வந்துவிட்டது. சாணைக்காரர் தெருப்பக்கம் வரும் வரை, பீங்கான் கப்பைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பில்லாத விளிம்பில் சாய்வாகத் தேய்த்துச் சமாளிக்கலாம்.

கழுவும்போது சிங்க்கில் நுரைத் தண்ணீருக்குள் கத்தியைப் போட்டு வைக்காதீர்கள். பாத்திரம் என்று நினைத்துக் கைவிடுபவர் வேறொருவராக இருக்கலாம். கத்தி கைநழுவி விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள். சட்டென்று பின்னால் நகர்ந்து, விழ விட்டுவிடுங்கள்.