மனநோயும் நன்மொழியும்

உடல் நோயுற்றாரைக் கண்டு இரங்கும் நாம், உள்ளம் நோயுற்றாரைக் கண்டு நகுகின்றோம். காய்ச்சல் கண்டவனை எவரும் 'காய்ச்சல்' என்று அழைப்பதில்லை. மனம் நலிந்தவனையோ 'பைத்தியம்' என்றே அழைத்துவிடுகின்றோம். ஆளை மறைத்து நோயை மட்டும் நிறுத்தும் இவ்வழக்குத் தகுமா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த பொருள்.

நாட்டின் சட்டமும் ஒரு காலத்தில் இவ்வாறே பேசிற்று. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் பைத்தியம் எனப் பொருள்படும் சொல்லையே தன் பெயரிற் கொண்டிருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமோ 'மனநோயுடைய நபர்' எனக் கூறி, நோயை அவருக்கு நேர்ந்ததொன்றாக்கி, அவரை மனிதராகவே நிறுத்திற்று. சட்டம் திருந்தியும் நம் நா திருந்தவில்லை; 'கீழ்ப்பாக்கம்' என்னும் ஊர்ப்பெயரையே வசைமொழியாக்கி நகையாடுகின்றோம்.

'பெயரை மாற்றினால் நோய் மாறுமோ?' என வினவுவாருளர். 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடிக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது 28 பேர் மாண்டனர். சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தமையால் அவர்கள் தப்ப இயலவில்லை. அவரைப் பிணித்தது இரும்பேயன்றிச் சொல் அன்று என்பது மெய்யே. ஆயினும், 'பைத்தியத்துக்கு என்ன தெரியும்?' என்னும் சொல் முன்னே சென்றதனாலன்றோ இரும்பு பின்னே வந்தது?

சொல் மாறின் மருத்துவமும் மாறுமென்பதற்கு ஜப்பான் சான்று. மனம் பிளந்த நோய் எனப் பொருள்படும் பழம்பெயரை 2002-இல் அந்நாட்டு மருத்துவர் நீக்கி, ஒருங்கிணைவுக் குறைபாடு எனப் பொருள்படும் பெயரை வைத்தனர். அதன்பின், நோயின் பெயரை நோயுற்றாரிடமே வெளிப்படக் கூறும் மருத்துவர் தொகை மிகுந்தது. அந்நோயை நாம் இன்றும் 'மனச்சிதைவு' என்கின்றோம்; சிதைந்ததென்று கேட்டவர் நலம்பெறுவோமென்று எங்ஙனம் நம்புவர்?

இனி, நம் ஜவ்வாது மலையை எண்ணுவோம். அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவதும் தமிழே. ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துத் தாயொருத்தி, 'மகன் உறங்கவில்லை. தனியே பேசுகின்றான்' என்று கூறி மருத்துவம் நாடி வருவதாகக் கொள்வோம். 'எத்தனை நாளாய்ப் பைத்தியம்?' என்று கேட்பின், மறுமுறை அவள் மலையிறங்காள். 'எத்தனை நாளாய் உறக்கமில்லை, அம்மா?' என அவள் சொல்லையே எடுத்து வினவின், நோயின் வரலாறு முழுதும் வெளிப்படும். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல மருத்துவமனை, குடும்பத்தாரையும் உடனிருத்தி மருத்துவம் செய்யும் முறையைக் கைக்கொண்டது. வீட்டார் வாய்மொழியை மதித்தலும் மருத்துவமே என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தகுதி வழக்கினை நன்னூலிற் பயிலும் தமிழ் மாணவராகிய நமக்கு இது புதிதன்று. மங்கலச் சொல்லால் நோயை மூடி மறைக்குமாறு நாம் கூறவில்லை. நோயை நோயென்றே கூறுவோம். ஆளை ஆளென்றே மதிப்போம். இவ்விரண்டனையும் ஒருங்கே செய்யவல்ல சொற்களை மருத்துவர்க்கு ஆக்கித் தருதல் நம் கடனாகும்.