கண்ணில் விடும் சொட்டு நெஞ்சு வரை போகும்!

மூச்சு வாங்குகிறது என்று ஒருவர் டாக்டரிடம் போகிறார். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்கிறார். "இல்லை" என்கிறார் அவர். அது பொய்யும் இல்லை. அவர் எந்த மருந்தையும் "சாப்பிட"வில்லை. காலையும் மாலையும் கண்ணில் ஒரு சொட்டு விட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான். சிக்கலே அந்தச் சொட்டில்தான் இருக்கிறது!

கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய்க்கு நெடுங்காலமாகத் தரப்படும் சொட்டு மருந்து டிமோலால். 1978-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைத்து அழுத்தத்தை இறக்கும். நல்ல மருந்துதான். ஆனால் இது "பீட்டா பிளாக்கர்" வகை. இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கத் தரும் சில மாத்திரைகளும் இதே குடும்பம்தான்.

கண்ணில் விட்டது நெஞ்சுக்கு எப்படிப் போகும்? கண்ணின் உள் மூலையிலிருந்து மூக்குக்குள் கண்ணீர்க் குழாய் ஒன்று இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். சொட்டில் ஒரு பகுதி அந்த வழியாக இறங்கி, மூக்கின் உட்சவ்வு மூலம் ரத்தத்தில் கலந்துவிடுகிறது. விழுங்கும் மாத்திரை முதலில் கல்லீரலுக்குப் போய், ஓரளவு சிதைந்த பிறகே உடலைச் சுற்றும். சொட்டுக்கு அந்தச் சோதனைச் சாவடி கிடையாது! அதனால்தான் 0.5% சொட்டு ஒன்றில் கால் மில்லிகிராம் அளவே மருந்து இருந்தும், ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறல் வரலாம். சிலருக்கு நாடித்துடிப்பு குறையும், தலை சுற்றும், சோர்வு வரும். ஆஸ்துமாவும் சில வகை இதயக் கோளாறுகளும் உள்ளவர்களுக்கு இது கூடாது என்று மருந்தோடு வரும் துண்டுச்சீட்டிலேயே இருக்கிறது. அதை யார் படிக்கிறார்கள்?

மற்ற சொட்டுகளும் சும்மா இல்லை. 1996-ல் வந்த லடானோபிராஸ்ட் கண்ணைச் சிவக்க வைக்கும், இமை முடியை நீளமாக்கும். சிலருக்குக் கண்ணின் நிறத்தையே கருமையாக்கும். பிரிமோனிடின் வாயை உலர்த்தும், தூக்கம் வரவழைக்கும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அது ஆபத்து.

"இதையெல்லாம் சொன்னால் நோயாளி பயந்து மருந்தையே விட்டுவிடுவார்" என்பது ஒரு வாதம். சொல்லாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. பெரும்பாலான கிளாக்கோமாவில் வலி இல்லை. சொட்டு விட்டால் பார்வை கூடுவதும் இல்லை. இருப்பதைக் காப்பது மட்டுமே அதன் வேலை. ஆக, நோயாளியின் கணக்கில் வரவு தெரிவதே இல்லை. எரிச்சல், சிவப்பு, சோர்வு என்று செலவு மட்டும் தினமும் ஏறுகிறது. காரணம் புரியாதவர் ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் மருந்தை ஓரம் வைத்துவிடுகிறார். பார்வை நரம்பில் போனது திரும்பி வராது.

முன்பே தெரிந்தவரோ, "இது ஒத்துக்கொள்ளவில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்று டாக்டரிடம் கேட்பார். மாற்று வழிகள் இருக்கின்றன. வேறு வகைச் சொட்டு, லேசர், அறுவை சிகிச்சை என்று டாக்டர் பார்த்து முடிவு செய்வார். இங்கிலாந்தின் 2022 வழிகாட்டி, புதிதாக நோய் தெரியவரும் பலருக்கு லேசரையே முதலில் தரலாம் என்கிறது.

எனவே சொட்டு எழுதும் டாக்டர், ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா என்று முதலில் கேட்க வேண்டும். என்ன தொல்லை வரலாம் என்று 2 நிமிடம் சொல்ல வேண்டும். நோயாளியும் எந்த டாக்டரிடம் போனாலும் கண் சொட்டின் பெயரைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையை 2 நிமிடம் விரலால் அழுத்தினால் ரத்தத்தில் கலப்பது குறையும். காசு செலவில்லாத வழி!

மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் போங்கள். மற்றபடி தானாக மருந்தை நிறுத்தாதீர்கள்... வாய் திறந்து கேளுங்கள். கண் பிழைக்கும்!