கொல்லிப்பாவை பார்ட்-4: பேய்ப்பட சீக்வலை நாம ஏன் விடவே மாட்டேங்கிறோம்?

காரவள்ளி தாண்டி பஸ் மலை ஏற ஆரம்பிச்சதும் முதல் கொண்டை ஊசி வளைவு வரும். ஓரமா போர்டு: 1/70. அப்புறம் 2/70. அப்புறம் 3/70. நாமக்கல் மாவட்டத்துக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. முதல் தடவை போறவங்களுக்கு இருபதாவது வளைவுலேயே எலுமிச்சம்பழம் தேவைப்படும். எனக்கு மட்டும் அந்த நம்பரைப் பார்த்தா பேய்ப்பட சீக்வல்தான் ஞாபகம் வரும். அதே பள்ளம், அதே பாறை, அதே திருப்பம்னு நல்லாத் தெரியும். இருந்தும் அடுத்த வளைவுல வயிறு ஒரு தடவை புரளத்தான் செய்யும்.

நான் பேய்ப்படப் பைத்தியம். இதைச் சொல்லிக்க வெட்கமே இல்லை. விசிடி காலத்துல ஆரம்பிச்ச வியாதி. வீட்ல எல்லாரும் தூங்கினதும் டிவி சத்தத்தை ரெண்டுல வச்சு 'தி ஈவில் டெட்' பார்த்த தலைமுறை. ஆனா எனக்கு முதல் பேய்ப்படம் போட்டுக் காட்டினது டிவி இல்லை, எங்க அம்மாயி. வாசல்ல பாய் விரிச்சுப் படுத்துக்கிட்டு, தூரத்துல கறுப்பா தெரியுற கொல்லிமலையைக் கை காட்டி, "அங்க ஒரு பாவை இருக்கு கண்ணு. கெட்ட எண்ணத்தோட எவனாச்சும் மலையேறினா வாசம் பிடிச்சுரும். அவனைப் பார்த்து சிரிக்கும். அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தவன் ஒருத்தன் இல்லை"ம்பாங்க.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஊருக்கு வெளியில ஒரு இடம். அங்க போகக்கூடாதுன்னு ஊரே எச்சரிக்குது. போறவங்களை ஒரு உருவம் ஒவ்வொருத்தரா காலி பண்ணுது. முகத்துல மட்டும் மாறாத ஒரு பாவனை. இது 1980-ல ஆரம்பிச்ச 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' வரிசையோட கதைதானே! ஜேசனுக்கு ஹாக்கி முகமூடி, நம்ம பாவைக்குச் சிரிப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போ எதுக்கு இந்தக் கதைன்னு கேட்பீங்க. கொஞ்சம் பின்னாடி போய் 2024 கோடையை ஞாபகப்படுத்திக்கோங்க. வருஷம் பிறந்து நாலு மாசம் ஆகியும் தமிழ்ல சொல்லிக்கிற மாதிரி பெரிய ஹிட் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னாடி வந்த 'கில்லி'யை ரீ-ரிலீஸ் பண்ணி தியேட்டர்காரங்க மூச்சு விட்டாங்க. மே 3-ம் தேதி வந்துச்சு 'அரண்மனை 4'. குடும்பம் குடும்பமா கூட்டம். அடுத்து ஆகஸ்ட் 15, 'தங்கலான்' வந்த அதே நாள்ல 'டிமான்ட்டி காலனி 2'. அதுவும் தப்பிச்சுது. கையோட மூணாவது பாகத்தையும் அறிவிச்சாங்க. பெரிய ஸ்டார் படங்களே தடுமாறுற நேரத்துல, ரோமன் நம்பர் போட்ட பேய் மட்டும் எப்படி வாடகை கட்டுது?

சிக்கனம்தான் முதல் காரணம், இது உலகப் பொது விதி. 1978-ல ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' படத்தோட செலவு சுமார் மூணேகால் லட்சம் டாலர். வசூல் கோடிக்கணக்கான டாலர். பேய்க்கு கால்ஷீட் கிடையாது, சம்பளம் கிடையாது, அடுத்த பாகத்துல சம்பளத்தை ஏத்திக் கேட்கவும் கேட்காது. அதனாலதான் ஜேசன் படத்தோட நாலாவது பாகத்துக்கு 1984-ல 'கடைசி அத்தியாயம்'னு பேர் வச்சாங்க. அடுத்த வருஷமே அஞ்சாவது பாகம் வந்துச்சு, பேரு 'புதிய ஆரம்பம்'. சத்தியமா.

நம்ம ஆளுங்களும் சளைச்சவங்க இல்லை. 2007-ல 'முனி'. 2011-ல 'முனி 2: காஞ்சனா'. அதுக்கு அடுத்த படம் காஞ்சனா கணக்குல 2, முனி கணக்குல 3. கணக்கு வாத்தியாரே குழம்புவார். இதுல நான் ரொம்ப ரசிக்கிற விஷயம், ராகவா லாரன்ஸோட அந்த கேரக்டர். ஒவ்வொரு படத்துலயும் பேயைப் பார்க்குறார், பேய் உடம்புக்குள்ளேயே போகுது, பழி வாங்குது, கிளம்புது. அடுத்த பாகத்துல அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லை. மறுபடியும் முதல்ல இருந்து பயப்படுறார். தியேட்டர்ல உட்கார்ந்திருக்கிற நம்மளும் அப்படித்தான். 'பீட்சா'வுக்கும் 'பீட்சா 2: வில்லா'வுக்கும் கதையில சம்பந்தமே இல்லை, நாம கோச்சுக்கிட்டோமா? 'சந்திரமுகி'யோட அழகே அதுல பேயே இல்லைங்கறதுதான், அது ஒரு மனநோய்க் கதை. 2023-ல வந்த 'சந்திரமுகி 2' நிஜப் பேயைக் கூட்டிட்டு வந்துடுச்சு. அதுக்குக் கோச்சுக்கிட்டேன், ஒத்துக்கிறேன்.

ஒரு கேள்வி என்னை ரொம்ப நாளா குடைஞ்சுட்டு இருக்கு. ஹாலிவுட்ல வரிசையா பாகம் போறது ஸ்லாஷர் படம். கத்தி எடுத்துட்டு அலையுற கொலைகாரன் கதை. நமக்கு மட்டும் ஏன் ஸ்லாஷர் சீக்வல் இல்லாம பேய்-காமெடி சீக்வலா வருது? ஸ்லாஷர் எடுக்கத் தெரியாம இல்லை. 'ஹாலோவீன்' அமெரிக்காவுல ரிலீஸான அதே 1978 அக்டோபர்ல இங்க பாரதிராஜாவோட 'சிகப்பு ரோஜாக்கள்' வந்துடுச்சு. அதுக்கும் பதினோரு வருஷம் முன்னாடி, 1967-ல, ஒரு வீட்டுப் பெண்களைக் குறிவச்சுக் கொல்ற 'அதே கண்கள்' வந்துடுச்சு. 1980-ல 'மூடுபனி', 1984-ல 'நூறாவது நாள்'. விதை இங்கேயே இருந்துச்சு. ஆனா ஜேசன் மாதிரி பாகம் பாகமா வளரலை.

என் கணிப்புல இதுக்குப் பாதிப் பதில் ஒரு சான்றிதழ்ல இருக்கு. 'A' சான்றிதழ் வாங்கின படத்தை அப்படியே டிவியில போட முடியாது. வெட்டி, மறுபடியும் சான்றிதழ் வாங்கணும். தயாரிப்பாளருக்கு சேனல் உரிமைப் பணம்தான் பாதி நிம்மதி. அதோட, 2011-ல தமிழக அரசு கொண்டுவந்த விதிப்படி, கேளிக்கை வரிவிலக்கு வேணும்னா தமிழ்ப் பேர் மட்டும் போதாது, 'U' சான்றிதழும் வேணும். 2017-ல ஜி.எஸ்.டி வர்ற வரைக்கும் இதுதான் கதை. பேய்-காமெடி அலை அடிச்ச வருஷங்களையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ரத்தத்தைக் குறைச்சு, பாட்டைச் சேர்த்து, கோவை சரளாவை ஓடவிட்டா குழந்தைங்க கூட்டத்துக்கும் டிக்கெட் விக்கும், டிவியிலயும் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓடும். இதுமட்டும்தான் காரணம்னு சொல்ல வரலை. ஆனா ரசனை ரசனைன்னு நாம பேசுற பல விஷயத்துக்குப் பின்னாடி ஒரு பில் புக் இருக்கும். இப்போ 'UA'வையே 7+, 13+, 16+னு மூணா பிரிச்சுட்டாங்க. அந்த 16+ கதவு வழியா கொஞ்சம் முரட்டுத்தனமான ஹாரர் உள்ள வருமான்னு நான் காத்துட்டு இருக்கேன்.

மீதிப் பதில் கதைக்குள்ள இருக்கு. நம்ம பேய் சும்மா கொல்லாது. இடைவேளைக்கு அப்புறம் ஃபிளாஷ்பேக் வரும். யாரோ ஏமாத்தியிருப்பான், நிலத்தைப் பிடுங்கியிருப்பான், கொன்னு புதைச்சிருப்பான். 'காஞ்சனா'வுல செத்துப் பேயா வர்றது ஒரு திருநங்கை, பிரச்னை ஒரு நிலம். கோர்ட்டும் போலீஸும் கொடுக்காத நியாயத்தை செத்த பிறகாவது வாங்கிக்கட்டும்னுதான் நாம விசில் அடிக்கிறோம். ஸ்லாஷர் கொலைகாரன்கிட்ட அந்த நியாயம் இல்லை. 'சிகப்பு ரோஜாக்க'ளை இன்னிக்குத் திரும்பப் பார்த்தா, மேக்கிங் மிரட்டுது. ஆனா அந்தக் கொலைகாரன் பெண்களைக் கொல்றதுக்கு படம் கொடுக்கிற காரணம், சிறு வயசுல அவனைப் பெண்கள் படுத்தின பாடு. அதைக் கேட்கும்போது எனக்கு சீட்டுல நெளிய வேண்டியிருக்கு. சின்ன வயசுல நெளியலை. ரசிகனா இதை ஒத்துக்கத்தான் வேணும்.

சரி, மலைக்கு வருவோம். பெரியவனானதும் ஆர்வத்துல அம்மாயி சொன்ன பாவையைச் சங்க இலக்கியத்துல தேடினேன். ஷாக் ஆயிட்டேன். நற்றிணை, குறுந்தொகை, அகநானூறுல எல்லாம் கொல்லிப்பாவை வருது. எனக்குக் கிடைச்ச பாட்டுகள்ல அவ யாரையும் கொல்லலை! தெய்வம் செஞ்ச பாவை, அவ்வளவு அழகு. தலைவியோட அழகுக்கு உவமை. நற்றிணையில பரணர் பாட்டு ஒண்ணு இருக்கு. காத்தடிச்சாலும், மழை பெய்ஞ்சாலும், இடி விழுந்தாலும், நிலமே நடுங்கினாலும் அவ அழகு குலையாதுன்னு சொல்லும். அதாவது பார்ட்-1 ஒரு ரொமான்ஸ் படம். சிரிச்சுக் கொல்ற பாவை பார்ட்-2. எட்டுக்கை அம்மனா கோயில்ல உட்கார்ந்து, இதுதான் கொல்லிப்பாவைன்னு ஜனங்க கும்பிடுறது பார்ட்-3. இவ்வளவு நீளமான ஃபிரான்சைஸ் ஹாலிவுட்ல கூட கிடையாது.

பார்ட்-4 உங்க கையில இருக்கிற போன்லதான் ஓடுது. யூடியூப்ல கொல்லிமலைன்னு தட்டிப் பாருங்க. சிவப்பு அம்புக்குறி, பெரிய கண்ணு, 'உயிரோட திரும்ப முடியாத மலை', 'சித்தர் குகையில் நள்ளிரவு'. நானும் எல்லாத்தையும் பார்க்கிறவன்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெட்போன் போட்டுட்டுப் பார்ப்பேன். பார்த்துட்டு ஒரு நாள் நானும் கேமராவோட கிளம்பினேன்.

பஸ்ல பக்கத்து சீட்ல ஒரு பாட்டி. செம்மேட்டுல இறங்கணுமாம். மலையிலேயே பொறந்து வளர்ந்தவங்க. மடியில மருந்துக்கடைப் பை. வளைவுல நான் கம்பியை இறுக்கிப் பிடிச்சதைப் பார்த்துச் சிரிச்சாங்க. (அந்தச் சிரிப்புல எனக்கு ஒரு நொடி அம்மாயி கதை ஞாபகம் வந்துச்சு, பொய் சொல்லலை.) தயங்கித் தயங்கிக் கேட்டேன், "பாட்டி, மேல ராத்திரில பயமா இருக்காதா?"

"இருக்கும் சாமி. ராத்திரில பிரசவ வலி வந்துட்டா இத்தனை வளைவும் இறங்கணுமே."

நான் கேட்டது வேற. அவங்க அதுக்கு மேல பேயைப் பத்திப் பேசவே இல்லை. மிளகு விலை, பலாப்பழ சீசன், முன்னாடி சாமை விளைஞ்ச காட்டுல எல்லாம் மரவள்ளி வந்துட்டது, ஒரு காலத்துல பாக்சைட் வெட்டினப்போ லாரி லாரியா மண்ணு இறங்கினது, இதைத்தான் பேசினாங்க. நம்ம பேய்ப்பட ஃபிளாஷ்பேக்ல வர்ற சமாச்சாரம் எல்லாம் அதுல இருந்துச்சு: நிலம், மலை, வெளியில இருந்து வந்த ஆளுங்க. பேய் மட்டும்தான் இல்லை.

இதுக்காக நான் பேய்ப்படம் பார்க்கிறதை விடப் போறதில்லை. அடுத்த 'அரண்மனை'க்கும் முதல் நாள் டிக்கெட் போடுவேன், 'காஞ்சனா 4'க்கும் போடுவேன். என் ஆசையெல்லாம் ஒண்ணுதான். மலையில போய் 'மர்மம்' தேடுற வீடியோக்காரங்களும், அடுத்து கொல்லிப்பாவையைப் படமா எடுக்கப் போற யாரோ ஒரு டைரக்டரும் இந்த பஸ்ல ஒரு தடவை உட்கார்ந்து வரணும். நம்ம பேய்ப்படத்துல மலைன்னா பங்களா, பனி, சுருட்டுப் பிடிக்கிற பூசாரி. அங்கே குடியிருக்கிறவங்களுக்கு ஒரு வசனம்கூட இருக்காது. மலைவாழ் பெண் ஒருத்தியோட பார்வையில அந்தப் பாவை கதையைச் சொன்னா, வாசம் பிடிச்சு வந்தவங்க யாரு, சிரிச்சது எதுக்குன்னு எல்லாமே மாறிடும். அந்தப் படத்துக்கு நான் ராத்திரி ஷோ போவேன்.

செம்மேடு வந்துச்சு. பாட்டி இறங்குறப்போ என் கேமரா பையைப் பார்த்துட்டு, "சினிமாக்காரரா?"ன்னு கேட்டாங்க. இல்லைன்னேன். "அப்ப அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போயிட்டு, ஆகாய கங்கைல குளிச்சிட்டுப் போங்க. படி ஆயிரத்துக்கு மேல இருக்கு, இருட்டுறதுக்குள்ள ஏறிருங்க"ன்னாங்க.

இருட்டினா என்னன்னு கேட்டேன்.

"கால் வழுக்கும்."